இடையில் நிற்பது: தரவுத்தளத்திற்கும் உலாவித்திரைக்கும் நடுவே ஒரு வரலாறு

கணினித்துறையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் இரு முனைகளையே நோக்கியுள்ளனர். ஒரு முனை, தரவு சேமிக்கப்படும் களஞ்சியம். மறுமுனை, அதனைக் காண்போன் முன் விரியும் திரை. களஞ்சியத்தின் கதையைக் கொட் என்பாரின் கோட்பாட்டோடும், திரையின் கதையை உலாவியின் தோற்றத்தோடும் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. இவ்விரண்டிற்கும் நடுவே நின்று, ஒன்றின் மொழியை மற்றொன்றிற்கு உரைத்து, கேட்கப்பட்டவற்றுள் எதனைக் கொடுக்கலாம், எதனைக் கொடுக்கலாகாது எனத் தீர்மானிக்கும் ஓர் அமைப்பு உண்டு. ஆங்கிலத்தில் 'மிடில்வெயர்' என வழங்கும் இதனை இடைமென்பொருள் எனவும், அது இயங்கும் கணினியை இடைவழங்கி எனவும் இக்கட்டுரையிற் குறிப்பிடுவோம். அதன் வரலாற்றை மலையகத்தை மனத்திற்கொண்டு ஆராய்வதே ஈண்டு நோக்கமாகும்.

மலையகம் எதற்கு என வினவுவோர் இருக்கலாம். களனி கங்கையின் மேற்படுகையிலே, கித்துல்கலைக்குச் சற்று மேலே, பொல்பிட்டிய நீர்மின் நிலையம் அமைந்துள்ளது. சமனல மின்நிலையம் என்பது அதன் முறையான பெயர். காசல்றீ நீர்த்தேக்கத்தின் நீர் விமலசுரேந்திர, பழைய லக்சபான நிலையங்களின் வழியாகவும், மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் நீர் கனியன், புதிய லக்சபான நிலையங்களின் வழியாகவும் இறங்கி, ஈற்றில் ஒன்றுசேர்ந்து பொல்பிட்டியவின் சுழலிகளை அடைகின்றது. 75 மெகாவாற்று ஆற்றலுடன் 1969ஆம் ஆண்டு இந்நிலையம் இயங்கத் தொடங்கியது. மேலுள்ள ஒரு நிலையத்திற் கதவு திறந்தால் கீழுள்ளதில் அதன் விளைவு தெரியும். ஆகவே, இங்கு மின்னை உற்பத்திசெய்வது எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம், ஓரிடத்து அளவீட்டை வேறோரிடத்திலுள்ளவன் உரிய நேரத்திற் காண்பதுமாகும். அக்காலத்தில் உலகெங்கும் இத்தகைய நிலையங்களில் மணிக்கொரு தடவை மானிகளை வாசித்து ஏட்டிற் பதிவதும், தொலைபேசியிற் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு உரைப்பதுமே நடைமுறை. ஏடு தரவுத்தளம், கட்டுப்பாட்டு நிலையத்தின் சுவர்ப்பலகை திரை, தொலைபேசியிற் பேசிய முறைப் பணியாளனே இடைவழங்கி.

பொல்பிட்டிய இயங்கத் தொடங்கிய அதே 1969இலேதான், மின்வழங்கல் துறையின் தேவையொன்றிலிருந்து இடைமென்பொருளின் முதற்பெரும் படைப்பும் விற்பனைக்கு வந்தது. இவ்வொற்றுமை தற்செயலானதே, எனினும் நினைவிற் கொள்ளத்தக்கது.

'மிடில்வெயர்' என்ற சொல் அதற்கு முந்திய ஆண்டிலேயே அச்சேறத்தக்க வழக்காகிவிட்டது. 1968 ஒக்ரோபரில் ஜேர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பு கூட்டிய மென்பொருட் பொறியியல் மாநாட்டில், பிரித்தானியரான அலெக்சாண்டர் டகாப்பேயெவ் தலைகீழாய் நிற்கும் கூம்பகம் ஒன்றை வரைந்து காட்டினார். அதில் மேலே பயன்பாட்டு நிரல்களும், கீழே கட்டுப்பாட்டு நிரல்களும், அவற்றிற்கு நடுவே இடைமென்பொருளும் இடம்பெற்றன. கணினி உற்பத்தியாளர் தரும் கோப்புக் கையாளும் நிரல்கள் எத்துணைச் சிறந்தவையாயினும் குறித்த ஒரு பயன்பாட்டிற்குப் பொருந்துவதில்லை. ஆகவே நடுவே ஒரு படையை நாமே எழுதிக்கொள்ள வேண்டியுள்ளது என்பதே அவரது வாதத்தின் சாரம். அறிஞர் ஒருவரின் கண்டுபிடிப்பாக அன்றித் தொழிலாளி ஒருவனின் முறைப்பாடாகவே இச்சொல் வரலாற்றுள் நுழைந்தது எனலாம்.

வேர்ஜீனியா மின்சாரக் கம்பனியிற் பணியாற்றிய ஐ.பி.எம். பொறியியலாளர் பென் றிகின்ஸ் என்பவர் எதிர்நோக்கிய பிரச்சினை எளிமையானது. வாடிக்கையாளர் ஒருவர் தமது பட்டியற் கணக்கைப்பற்றித் தொலைபேசியில் வினவுவார். விடை கணினியில் உள்ளது. வினவப்பட்ட எழுதுவினைஞரோ கணினிக்கு வெளியே இருக்கின்றார். ஒவ்வோர் எழுதுவினைஞரின் முனையத்திற்கும் தனித்தனி நிரலை ஓட்டுவதற்கு அன்றைய கணினிகளின் நினைவகம் இடந்தராது. எனவே, எல்லா முனையங்களின் வினாக்களையும் தானே ஏற்று, வரிசைப்படுத்தி, களஞ்சியத்தை அணுகி, விடையை உரிய முனையத்துக்கு அனுப்பும் ஒரே நிரல் வேண்டியதாயிற்று. 1968இல் பொதுப்பயன் சேவை நிறுவனங்களுக்கென வெளிவந்த அந்நிரல், 1969 யூலையில் சி.ஐ.சி.எஸ். என்ற பெயருடன் எல்லாத் துறையினருக்கும் உரிய விற்பனைப் பொருளாயிற்று. வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் அதனை ஏற்றன. அதன் வழிவந்த பதிப்புகள் இன்றும் இயங்குகின்றன. பல பார்வையாளர், ஒரு களஞ்சியம், நடுவே பங்கீடு செய்யும் ஒருவன் என்ற அமைப்பின் அடிப்படை இங்கு முழுமையாகவே காணப்படுகின்றது. பின்வந்தோர் மாற்றியவை பெரும்பாலும் ஆடையணிகளே என்பது எமது கருத்து.

களஞ்சியத்தின் பக்கத்திலே 1970இல் எட்கார் கொட் வெளியிட்ட தொடர்புமாதிரிக் கோட்பாடும், 1974இல் சேம்பர்லின், பொய்ஸ் ஆகியோர் வகுத்த வினவல் மொழியும், அம்மொழியை ஏற்று 1979இல் வந்த ஒராக்கிளும் யாவரும் அறிந்தவை. தரவு வட்டில் எவ்விடத்தில் உள்ளது என்பதை அறியாமலே, எத்தகைய தரவு வேண்டும் என்று மட்டும் கூறி அதனைப் பெறலாம் என்ற நிலையை இவை உருவாக்கின. இடையில் நிற்போனுக்கு இதனால் ஒரு பொதுமொழி கிடைத்தது.

உலாவி இவ்வரலாற்றுள் நுழையும் இடம் குறிப்பாக நோக்கத்தக்கது. ரிம் பேணர்ஸ்-லீ ஜெனீவாவின் சேர்ன் ஆய்வகத்தில் வலையமைப்பை உருவாக்கியபின், ஐரோப்பாவுக்கு வெளியே முதல் வலைவழங்கி 1991 டிசம்பரில் கலிபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வகத்தில் நிறுவப்பட்டது. போல் குன்ஸ் என்ற பௌதிகவியலாளர் அதனை அமைத்ததன் நோக்கம் பக்கங்களை வெளியிடுவதன்று. அணுத்துகள் ஆய்வுக் கட்டுரைகளின் விபரங்களைக் கொண்ட ஸ்பயர்ஸ் என்ற தரவுத்தளம் ஐ.பி.எம். பெருங்கணினி ஒன்றில் இருந்தது. அதனை வினவுவதற்கு அதற்கேயுரிய கட்டளைகளைக் கற்கவேண்டியிருந்தது. உலாவியில் தட்டச்சிட்ட சொல்லை அக்கட்டளையாக மாற்றி, விடையை வலைப்பக்கமாக மாற்றித் திருப்பும் ஒரு நிரலை அங்குள்ளோர் எழுதினர். உலகின் பல பாகங்களிலிருந்த பௌதிகவியலாளர் வலையமைப்பை நாடியதற்கு இத்தரவுத்தளமே பெருங்காரணமாயிற்று. வலை முதலில் ஆவணங்களுக்காகத் தோன்றியது, தரவுத்தளங்கள் பின்னரே வந்து ஒட்டிக்கொண்டன என்று பாடநூல்கள் கூறுவது முழு உண்மையன்று.

எண்களும் எழுத்துக்களும் மட்டுமன்றிப் படமும் இவ்வழியே வரலாம் என்பதை 1993 யூனில் செறொக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ற்றோ ஆய்வகத்தில் ஸ்டீவ் புட்ஸ் காட்டினார். உலகப்படத்தில் ஓரிடத்தைத் தெரிவுசெய்தால், உலாவி அவ்வேண்டுகோளை வழங்கிக்கு அனுப்பும். வழங்கி நிலவியற் தரவை நாடி, அப்பொழுதே அப்பகுதியின் படத்தை வரைந்து அனுப்பும். முன்கூட்டியே வரைந்து வைக்கப்பட்ட படம் எதுவும் இல்லை. உலாவியிற் தரவைக் காட்சிப்படுத்தும் கலைக்கு இதுவே தொடக்கம் எனக் கொள்வதில் தவறில்லை. அதே ஆண்டில் அமெரிக்காவின் என்.சி.எஸ்.ஏ. நிலையத்தினர் சி.ஜி.ஐ. என்ற பொது இணைப்பு முறையை வகுத்தனர். வழங்கிக்கும் அதன் பின்னுள்ள நிரலுக்கும் இடையிலான ஒப்பந்தமாகிய இதனால் எவரும் எம்மொழியிலும் இத்தகைய நிரலை எழுதக்கூடியதாயிற்று.

ஆயின் சி.ஜி.ஐ. முறைக்கு ஒரு பெருங்குறை இருந்தது. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஒரு புதிய நிரல் பிறந்து, தரவுத்தளத்தின் கதவைத் தட்டி, அனுமதி பெற்று, விடை வாங்கி, இறந்துவிடும். பத்துப்பேர் பார்க்குமிடத்து இது பொருட்டன்று. ஆயிரம்பேர் ஒருங்கே வந்தால் தரவுத்தளம் கதவு திறப்பதிலேயே களைத்துவிடும். றிகின்ஸ் கால் நூற்றாண்டுக்கு முன்னர் தீர்த்துவைத்த அதே பிரச்சினை வேறு கோலத்தில் மீண்டது! தீர்வும் ஏறத்தாழ அதுவேதான். திறந்த இணைப்புகள் சிலவற்றை நிரந்தரமாகப் பேணி, வருவோர் யாவர்க்கும் அவற்றை மாறிமாறிக் கொடுக்கும் நிரந்தர இடைவழங்கிகள் தோன்றின. 1995இல் தொடங்கப்பட்ட வெப்லொஜிக் நிறுவனம், 1997இல் ஜாவா மொழியோடு வந்த தரவுத்தள இணைப்பு நியமம், 1999இல் வெளியான ஜாவாவின் தொழில்முறைப் பதிப்பு என்பன இப்போக்கின் மைல்கற்கள். திரை, இடைவழங்கி, தரவுத்தளம் என்ற மூவடுக்கு அமைப்பு இக்காலத்திலேதான் பாடநூல் வாய்பாடாக நிலைபெற்றது.

நேரடியாகவே உலாவி தரவுத்தளத்துடன் பேசினாலென்ன என மாணவர் கேட்பதுண்டு. பேசினால், உலாவியைத் திறந்த ஒவ்வொருவர் கையிலும் களஞ்சியத்தின் திறவுகோலைக் கொடுத்ததாக முடியும் என்பது வழமையான விடை. அது சரியானதே. ஆனால் இடையில் நிற்பதென்பது அதிகாரத்தில் அமர்வதுமாகும் என்ற மறுபக்கத்தை அவ்விடை மறைத்துவிடுகின்றது. தோட்டத்து வரலாற்றைக் கற்றோர்க்கு இது புதிதன்று. 'துண்டு' என்ற சீட்டில் ஒரு கூட்டத் தொழிலாளரின் கடன்தொகை எழுதப்பட்டிருக்கும். அத்தொகையைச் செலுத்தும் துரைக்கு அக்கூட்டம் கைமாறும். சீட்டின் கைமாற்றத்தை நடத்தியவர் கங்காணி. தம்மைப்பற்றிய பதிவைத் தொழிலாளியால் வாசிக்க இயலாது. துரைக்கோ தொழிலாளியின் மொழி முழுதாய் விளங்காது. 1921இல் துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதன் பின்னரும் கொழுந்தின் நிறையைத் தராசிற் பார்த்து, முழுப்பேரா அரைப்பேரா எனச் செக்ரோலிற் பதியும் கணக்கப்பிள்ளையின் பேனா, இரு முனைகளுக்கும் நடுவிலேயே நின்றது. இயந்திரத்தை மனிதனோடு ஒப்பிடுவது ஓரளவுக்கே பொருந்தும். எனினும் எதைச் சுருக்குவது, எதை விடுவது, எவர்க்கு எம்மொழியிற் சொல்வது என்ற முடிவுகள் நடுவிடத்திலேயே எடுக்கப்படுகின்றன என்ற அளவில் அவ்வொப்புமை வலுவானது.

இலங்கையைப் பொறுத்தவரையில் இத்துறை நமக்கு அயலானதன்று. 2004 டிசம்பர் 26ஆந் திகதிய ஆழிப்பேரலை இந்நாட்டில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் ஆகியவற்றின் பதிவுகள் எங்கெங்கோ தாள்களிற் சிதறிக்கிடந்தன. சில நாட்களுக்குள் இந்நாட்டு மென்பொருளாளர் பலர் ஊதியமின்றித் திரண்டு 'சஹன' என்ற அமைப்பை எழுதினர். நிவாரணம் என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். லங்கா மென்பொருள் மன்றத்தின் ஆதரவில் வளர்ந்த அது, திறந்த மூலமாக வெளியிடப்பட்டு, 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006இல் பிலிப்பைன்சின் மண்சரிவின்போதும் பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப்பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கிற்று. பீ.எச்.பி. மொழியில் எழுதிய நடுப்படை, மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், எவ்விடத்து உலாவியும் என்ற மூவடுக்கே அதன் உடற்கூறு.

அதே காலத்தில், 2005இல், சஞ்சீவ வீரவரண, போல் பிறிமான்டில் முதலியோர் டபிள்யூ.எஸ்.ஓ.2 என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். முழுக்க முழுக்க இடைமென்பொருளையே தன் தொழிலாகக் கொண்ட இதன் பொறியியலாளரிற் பெரும்பாலோர் கொழும்பிலிருந்து பணிபுரிந்தனர். அதன் உற்பத்திகளுள் நமது பொருளுக்கு மிக நெருங்கியது தரவுச்சேவை வழங்கியாகும். வினவல் எது, அது ஏற்கும் மாறிகள் எவை, விடை எவ்வடிவில் வெளிவரவேண்டும் என்பவற்றை ஓர் அமைவுக் கோப்பில் எழுதிவிட்டால், தரவுத்தளத்தின் அட்டவணை ஒன்று வலையில் எவரும் அழைக்கத்தக்க சேவையாகிவிடும். வரைபடத்தை எழுதுவோன் அட்டவணையின் பெயரைக்கூட அறியவேண்டியதில்லை. ஈபே போன்ற பெருநிறுவனங்கள் இந்நிறுவனத்தின் இணைப்பு மென்பொருளைப் பயன்படுத்தின. 2024இல் ஈ.கியூ.ரி. என்ற சுவீடன் முதலீட்டு நிறுவனம் அறுநூறு மில்லியன் டொலருக்கு மேற்பட்ட மதிப்பில் அதனை வாங்கியது. தேயிலையைப் பெட்டியில் ஏற்றுமதி செய்த நாடு, இடையில் நிற்கும் அறிவை ஏற்றுமதி செய்தது என நம்மவர் பெருமிதங்கொள்வதில் நியாயமுண்டு. அவ்வறிவில் எவ்வளவு உள்நாட்டில் தங்கியது என்பது வேறு வினா.

இனிக் காட்சிப்படுத்தலின் பக்கத்தை நோக்குவோம். ஸ்டீவ் புட்ஸின் முறையிற் படத்தை வரைந்தது வழங்கியே. உலாவி வெறும் சட்டகம். 2001இல் திசையன் வரைபுக்கான எஸ்.வி.ஜி. நியமம் வந்ததும், 2005இல் பக்கத்தை மீள ஏற்றாமலே தரவைப் பெறும் முறை பரவியதும், 2011இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தின் மைக் பொஸ்டொக், வடிம் ஒகியெவெட்ஸ்கி, ஜெவ்றி ஹீர் ஆகியோர் டி3 நூலகத்தை வெளியிட்டதும் நிலைமையை மாற்றின. வரையும் பொறுப்பு உலாவிக்குச் சென்றது. இடைவழங்கி படம் அனுப்புவதை விட்டுத் தரவு அனுப்பத் தொடங்கிற்று. அப்பொழுது எழுந்த வினா: எவ்வளவு தரவு?

மழைமானி ஒன்று நிமிடத்திற்கொரு தடவை அளவிடுமாயின் ஓராண்டில் 525,600 அளவீடுகள் சேரும். திரையின் அகலமோ ஏறத்தாழ ஆயிரம் புள்ளிகள். ஒரு புள்ளி அகலத்துக்குள் ஐந்நூறுக்கு மேற்பட்ட அளவீடுகள் அடங்கவேண்டும்; அதாவது ஒன்பது மணித்தியாலத்து மழை ஒரு கோட்டிற்குள் ஒடுங்கும். எல்லாவற்றையும் அனுப்பினால் உலாவி திணறும். தாமதம் வெறும் அசௌகரியமன்று. விடை வர அரை விநாடி கூடுதலாகத் தாமதித்தாலே பார்ப்போர் தரவைத் துருவி ஆராய்வது குறைகின்றது என ஷிசெங் லியூ, ஹீர் ஆகியோர் 2014இற் காட்டியுள்ளனர். எனவே நடுவிற் சுருக்கியாக வேண்டும். சராசரியெடுப்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. மழையின் விடயத்தில் அதுவே மிக ஆபத்தான வழியுமாகும். ஒரே மணித்தியாலத்தில் 90 மில்லிமீற்றர் கொட்டி, அந்நாளின் எஞ்சிய 23 மணித்தியாலமும் வானம் வெளுத்திருந்தால், நாட்சராசரி மணிக்கு 3.75 மில்லிமீற்றர். வரைபடத்தில் அது சாதாரணத் தூறல்.

உவே யூகல் முதலியோர் 2014இல் வெளியிட்ட 'எம்4' என்ற முறை இதற்கு நேர்த்தியான விடை தந்தது. உலாவி அனுப்பும் வினவலை இடைவழங்கி இடைமறித்து, திரையின் அகலத்தை அறிந்து, ஒவ்வொரு புள்ளி அகலத்துக்கும் முதலாவது, இறுதி, மிகச்சிறிய, மிகப்பெரிய ஆகிய நான்கு அளவீடுகளை மட்டும் தருமாறு வினவலைத் திருத்தி எழுதித் தரவுத்தளத்துக்கு அனுப்புகின்றது. அரை மில்லியன் அளவீடுகள் நாலாயிரமாகின்றன. கோட்டு வரைபடமோ முழுத்தரவைக்கொண்டு வரைந்ததிலிருந்து வேறுபடுவதில்லை. உச்சங்கள் தப்புகின்றன. இத்துறையில் அண்மைக்காலத்தில் எழுதப்பட்டவற்றுள் இதைப்போல எளிமையும் பயனும் ஒருங்கே வாய்ந்தது அரிது.

மலைச்சரிவில் வாழ்வோர்க்கு உச்சமே உயிர்நிலை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று படிகளாக வகுத்துள்ளது; நாளொன்றுக்கு 150 மில்லிமீற்றரோ, மணிக்கு 75 மில்லிமீற்றரோ மழை மிகுமிடத்து வெளியேறுமாறு பணிப்பது அதன் இறுதிப் படி. எண் நிறமாக மாறும் இடம் நடுப்படையே: மஞ்சளா, செம்மஞ்சளா, சிவப்பா என்பதைத் தரவுத்தளமும் அறியாது, திரையும் அறியாது. மேற்கண்ட சராசரியை நம்பிய நடுப்படை, சிவப்பாயிருக்க வேண்டியதை நிறமற்றதாகவே அனுப்பிவிடும்.

நிறம் சரியாக வந்தபின்னும் ஒரு படி எஞ்சுகின்றது. 2014 ஒக்ரோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் மண்ணுள் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானது, குடிகள் அகலவேண்டும் என 2005இலும் 2011இலும் அந்நிறுவனம் அறிவித்திருந்தது. தரவு இருந்தது, ஆய்வு இருந்தது, எச்சரிக்கையும் ஏட்டில் இருந்தது. குடிபெயர்வதற்கு வேறு காணியில்லாத குடும்பத்துக்கு அவ்வேடு எவ்வடிவில், எவர் வாயிலாகச் சென்றது என்பதே வினா. காணியின்மையை எந்த வழங்கியாலும் தீர்க்கமுடியாது என்பதையும் ஒளிவின்றிக் கூறவேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலைநாட்டுச் சரிவுகள் மீண்டும் பெயர்ந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

மொழியைப்பற்றிய ஒரு நுட்பச் செய்தியை இங்கு குறிப்பிடுதல் வேண்டும். மேலைநாட்டு நூல்களில் இது காணப்படாது. 1991இல் வெளியான யூனிக்கோட் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆயினும் அதன் பின்னரும் நெடுங்காலம் இலங்கையின் தமிழ்த் தட்டச்சு பாமினி முதலிய எழுத்துருக்களிலேயே நடந்தது. அவ்வெழுத்துருவில் தட்டச்சிட்ட இராமாயி என்ற பெயர் தாளில் இராமாயி எனத் தோன்றும். தரவுத்தளத்தைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்துக்களினதும் குறிகளினதும் பொருளற்ற கோவை. உலாவியில் யூனிக்கோட்டில் இராமாயி எனத் தேடினால் அகப்படமாட்டாள். அதே பெண் தோட்டப் பதிவேட்டில் ஆங்கில எழுத்தில் ஒருவாறும், கிராம அலுவலரின் பட்டியலிற் சிங்கள எழுத்தில் வேறொருவாறும் எழுதப்பட்டிருப்பாளாயின், மூன்று இராமாயிகளும் ஒருத்தியே என அறிவதற்கு நடுப்படையில் எழுத்துரு மாற்றியும் ஒலிப்பொருத்த நிரலும் வேண்டும். இன்ன பிரதேச செயலகப் பிரிவில் இத்தனை பேர் இடம்பெயர்ந்தனர் எனத் திரையில் ஒரு வட்டம் காட்டுமிடத்து, அவ்வட்டத்தின் பருமன், இராமாயி ஒருமுறை எண்ணப்பட்டாளா, மும்முறை எண்ணப்பட்டாளா, அன்றி எண்ணப்படாமலே விடப்பட்டாளா என்பதைப் பொறுத்ததாகும்.